வன்னியில் வேலையில்லாத பிள்ளைகளுக்குக் கைகொடுப்பது எப்படி: வாசலடியில் தொடங்கி ஒரு வருடம் வரை

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில், பழைய சேலையால் மூடிய தையல் மெசின் ஒன்றைக் கண்டேன். மூன்று மாதப் பயிற்சி முடித்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. சான்றிதழும் சுவரில் தொங்குகிறது. அந்தத் தங்கச்சி அன்றைக்குக் கச்சான் (நிலக்கடலை) பிடுங்கக் கூலிக்குப் போயிருந்தாள். "அவள் நல்லாத்தான் தைப்பாள். இந்த ஒழுங்கைக்குள்ள மட்டும் நாலு மெசின் நிக்குது, ஆர் தம்பி தைக்கக் குடுக்கிறது?" என்றார் தாய்.

2009இல் யுத்தம் முடிந்த பிறகு, இலங்கையின் வடக்கில் உள்ள வன்னிக்குப் பயிற்சிகள் வரவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. தையல், கணினி, அழகுக்கலை, கோழி வளர்ப்பு, மேசன் என்று ஊர் ஊராக வந்தன. கிடைக்காமல் போனது பயிற்சிக்கு முந்திய ஒரு மாதமும் பிந்திய ஒரு வருடமும்தான். எந்த வேலைக்கு இங்கே ஆள் தேவை என்று பார்க்க அந்த ஒரு மாதம் வேண்டும். பிள்ளை அந்த வேலையில் ஊன்றும்வரை கூட நிற்க அந்த ஒரு வருடம் வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர், பாடசாலை ஆசிரியர், கோயில் அல்லது தேவாலய நிர்வாகத்தில் இருப்பவர், வெளிநாட்டிலிருந்து ஊருக்கு ஏதாவது செய்ய நினைக்கும் அண்ணா, அக்கா எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். நூறு பேருக்குத் திட்டம் போடாதீர்கள். பத்துப் பேரில் தொடங்குங்கள்.

முதலாவது: கூட்டம் வைக்காமல் வீட்டுக்குப் போங்கள்

பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தால் வழக்கமாக வருகிறவர்கள்தான் வருவார்கள். உண்மையில் உதவி தேவைப்படும் பெடியன் மதகடியில் இருப்பான். கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்குக் கூட்டம் நடக்கும் நேரம் சமையல் நேரம். அதனால் வாசலுக்குப் போய்த்தான் பேச வேண்டும். கிராம அலுவலரிடம் முதலே சொல்லிவிட்டுப் போங்கள். அவரிடமும் சமுர்த்தி உத்தியோகத்தரிடமும் ஏற்கனவே ஒரு விபரப் பட்டியல் இருக்கக்கூடும்.

"வேலை இல்லை" என்ற ஒரு சொல்லுக்குள் பல நிலைமைகள் இருக்கின்றன. உயர்தரம் முடித்து அரசாங்க வேலைக்காகக் காத்திருப்பவர் ஒருவர். நாட்கூலிக்குப் போய்க்கொண்டே தன்னை வேலையில்லாதவன் என்று சொல்பவர் இன்னொருவர். வெளிநாட்டுக்குப் போக ஆள் பார்த்துக்கொண்டிருப்பவர், இறுதி யுத்தத்தில் பள்ளிக்கூடம் தவறிப்போய்ப் பிறகு திரும்பாதவர், முன்னாள் போராளியாகப் புனர்வாழ்வு முடித்து வந்தவர் என்பதால் இன்னும் ஒதுக்கப்படுபவர், ஒரு காலையோ கையையோ இழந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் வழி வேறு. போதைக்குள் போன பிள்ளைக்கு முதலில் வேண்டியது சிகிச்சை. பயிற்சி அதற்குப் பிறகு.

ஒரு கொப்பி எடுங்கள். பெயர், வயது, படிப்பு ஆகியவற்றோடு நிற்காமல் நான்கு விடயம் கேளுங்கள். கடந்த ஒரு வருடத்தில் எந்தெந்த வேலைக்குப் போய்க் காசு வாங்கினாய்? ஊரில் யாராவது உன்னைத் தேடி வந்து ஏதாவது செய்து தரச் சொல்வார்களா? வீட்டைவிட்டு எவ்வளவு தூரம் போய் வரமுடியும், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும்? வீட்டில் கடன் இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் பெரும்பாலும் வழியைக் காட்டும். தண்ணி மோட்டர் பழுதானால் அயலவர் கூப்பிடுவது தன்னைத்தான் என்று ஒரு தம்பி சொன்னால், அவனைக் கணினி வகுப்புக்கு அனுப்ப வேண்டிய தேவையே இல்லை.

இரண்டாவது: சந்தியில் ஒரு கிழமை நில்லுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். எந்தப் பயிற்சிக்கு அனுப்புவது என்று தீர்மானிக்க முன், உங்கள் சந்தையை நீங்களே எண்ண வேண்டும். தருமபுரம், மல்லாவி, முள்ளியவளை, நெடுங்கேணி, முழங்காவில் என்று எந்தச் சந்தியாக இருந்தாலும் சரி. எத்தனை மோட்டர் சைக்கிள் திருத்துமிடம் இருக்கிறது, அதில் எத்தனை பேர் வரிசையில் காத்திருக்கிறார்கள்? கைபேசி உடைந்தால் எங்கே கொண்டுபோகிறார்கள்? உழவு இயந்திரத்துக்கும் நெல் வெட்டும் மெசினுக்கும் போகத்தின் நடுவில் பழுது வந்தால் வவுனியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஆள் வர எத்தனை நாள் எடுக்கிறது? குளிர்சாதனப் பெட்டி, சூரியகல மின்தகடு, வீட்டு வயரிங் இவற்றுக்கு ஆள் உண்டா? கடையில் விற்கும் மிளகாய்த்தூள், அரிசிமா, மிக்சர் பைக்கற்றுகளைத் திருப்பி எந்த ஊரில் செய்தது என்று வாசியுங்கள். வன்னி நெல்லும் வன்னிக் கச்சானும் வெளியே போய், மாவாகவும் பைக்கற்றாகவும் திரும்பி வருவதை அங்கேயே காணலாம்.

அதோடு ஒரு காலக் கணக்கும் எழுதுங்கள். மாரி மழைக்கு விதைக்கும் காலபோக நெல்லின் அறுவடை தையிலிருந்து பங்குனி வரை. அந்த நாட்களில் கூலிக்கு ஆளே கிடைக்காது. அறுவடை முடிந்தால் கையில் காசு புழங்கும், கட்டட வேலையும் கலியாண வீடுகளும் வரும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கீழ் இல்லாத மானாவாரி ஊர்களில் அதற்குப் பிறகு நீண்ட வெறுமை. அந்த வெறுமையான மாதங்களில் எந்தத் தொழில் சோறு போடும் என்பதுதான் உங்கள் கேள்வி.

இங்கே ஒரு பழைய கதையை நினைவில் வைத்திருப்பது நல்லது. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் படித்த வாலிபர் திட்டங்கள் வந்தன. வேலையில்லாத இளைஞர்களுக்குக் காணி கொடுத்தார்கள், அவர்கள் காடு வெட்டி மிளகாயும் வெங்காயமும் செய்தார்கள். இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால் செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை வந்தது, வாலிபர்கள் தலைநிமிர்ந்தார்கள். 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரத்தோடு வெளிநாட்டு மிளகாய் வந்து இறங்கியபோது விலை விழுந்தது. அவர்களுடைய உழைப்பிலோ திறமையிலோ குறை இருக்கவில்லை. ஒரே பயிர், ஒரே சந்தை, அந்தச் சந்தையின் விலையோ அவர்கள் கையில் இல்லை. பத்துப் பிள்ளைகளையும் ஒரே தொழிலுக்குள் தள்ள உங்களுக்கு ஆசை வரும்போது இதை நினையுங்கள்.

இன்னொரு விடயத்தையும் இப்போதே கணக்கில் எடுக்க வேண்டும். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் ஏராளமான இளையவர்கள், குறிப்பாகக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள், மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது. அதன்படி நிலத்தைத் துப்புரவாக்க வேண்டிய கெடு 2028. அது எப்போது முடிந்தாலும், முடியும்போது இந்தக் கைகளுக்கு வேறு வேலை வேண்டும். அவர்கள் வேலையில் இருக்கும் காலத்திலேயே விடுமுறை நாட்களில் அடுத்த தொழிலைப் பழக வைப்பதுதான் புத்தி.

மூன்றாவது: கடதாசிகள்

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, வங்கிப் புத்தகம். இடப்பெயர்வில் தொலைந்தவை இன்னும் பல வீடுகளில் திரும்ப எடுக்கப்படாமலே இருக்கின்றன. அடையாள அட்டைக்குக் கிராம அலுவலர் ஊடாகவும், பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குப் பிரதேச செயலகத்திலும் விண்ணப்பியுங்கள். பத்துப் பேரின் விண்ணப்பங்களையும் ஒரே நாளில் ஒரு ஓட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்தால் வேலை சுருக்கம். சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்க வயது வந்தவர்களை அதற்கும் தூண்டுங்கள். வன்னியின் தூரங்களில் அது ஒரு தொழில் தகைமைக்குச் சமம்.

நான்காவது: பயிற்சியைத் தெரிவு செய்தல்

தேசிய தொழில் தகைமை 1இலிருந்து 7வரை நிலைகள் கொண்டது. எல்லோரும் என்.வி.கியூ. என்று சொல்வது இதைத்தான். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். நான்காம் நிலை என்றால் அந்த ஆள் மேற்பார்வை இல்லாமல் தனியே நின்று தன் வேலையைச் செய்யக்கூடியவர் என்று பொருள். கொழும்பு நிறுவனமும் வெளிநாட்டு முதலாளியும் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். நான்கை முடித்தவர் ஐந்துக்குப் போகலாம், அதிலிருந்து இரத்மலானையில் உள்ள யுனிவொடெக் என்ற தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் வரை வழி திறந்திருக்கிறது. உயர்தரத்தில் தவறிய பிள்ளையின் தாய் தகப்பனிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். "பட்டறை வேலைக்கோ என்ரை பிள்ளையை விடுறது?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

போகக்கூடிய இடங்கள் நம்மிடமே இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் வாகனம், கட்டடம், மின், இயந்திரம், உணவுத் தொழில்நுட்பம், தகவல் தொழில்நுட்பம் போன்ற துறைகளில் பயிற்சி தருகிறது. வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையும் தேசிய இளைஞர் சேவைகள் மன்றமும் மாவட்டங்களில் நிலையங்களை நடத்துகின்றன. எங்கே எந்தப் பாடநெறி எப்போது தொடங்குகிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள், 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலைய இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

பலருக்குத் தெரியாத இரண்டு வழிகளை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒன்று, பயிலுனர் முறை. நைற்றா என்று சொல்லப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையில் பதிந்துவிட்டு, ஒரு கராச்சிலோ நிறுவனத்திலோ வேலை செய்துகொண்டே பழகித் தகைமை எடுக்கலாம். வகுப்பறையில் இருக்கப் பிடிக்காத பெடியனுக்கு இதுதான் பொருத்தம். மற்றது, முன்கற்றலை அங்கீகரித்தல். பத்து வருடமாக மேசன் வேலை செய்கிறவர் முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. செய்த வேலையின் படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள் முதலான சான்றுகளோடு விண்ணப்பித்தால், மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்து காட்டித் தகைமை பெறலாம். ஊரில் கைத்தொழில் தெரிந்து கடதாசி இல்லாமல் இருக்கும் முப்பது வயதுக்காரர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். மிகக் குறைந்த செலவில் மிக வேகமாகச் சம்பளத்தை உயர்த்தும் வழி இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தனியார் நிலையம் ஒன்றில் காசு கட்டிச் சேர முன், அது மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டதா, குறிப்பிட்ட அந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் உண்டா என்று இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். நிலையம் பதிவில் இருந்து, பாடநெறி அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம்.

ஐந்தாவது: பயிற்சி நடக்கும் காலம்

வகுப்பு இலவசமாக இருந்தாலும் பயிற்சி இலவசமில்லை. பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு, போடச் சப்பாத்து. எல்லாவற்றையும் விடப் பெரியது, அந்தப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்த நாட்கூலி நின்றுபோவது. இடையில் நின்றவர்களிடம் நான் கேட்டபோது படிப்பு விளங்காமல் நின்றதாகச் சொன்னவர்கள் மிகக் குறைவு. சீமெந்து வேலைக்கு ஆள் தேடி ஒருவர் வந்திருப்பார், வீட்டில் அரிசி இருந்திராது. அதனால் வெளிநாட்டிலிருந்து உதவுகிறவர்களிடம் நான் கேட்பது இது: மெசின் வாங்கிக் கொடுத்துப் படம் எடுக்க வேண்டாம். ஒரு பிள்ளையின் ஆறு மாதப் பஸ் காசையும் சாப்பாட்டையும் வீட்டுக்கு ஒரு சிறு தொகையையும் மாதாமாதம் பொறுப்பெடுங்கள். முடித்த பிறகு ஒரு தொழிற்கருவிப் பெட்டி வாங்கிக் கொடுங்கள்.

பெண்பிள்ளைகளுக்குப் பஸ் நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஏ9 பிரதான வீதியில் இருப்பவளுக்கு இது பிரச்சினை இல்லை. உள்ளூர் றோட்டில் கடைசி பஸ் நாலரைக்குப் போய்விட்டால் அவள் எந்தப் பாடநெறியையும் முடிக்க மாட்டாள். இரண்டு மூன்று பேரை ஒரே இடத்துக்கு ஒன்றாக அனுப்புங்கள், அல்லது விடுதியுள்ள நிலையத்தைப் பாருங்கள்.

ஆறாவது: வேலைக்கு அனுப்பும்போது

பயிற்சி முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே முதலாளிமாருடன் பேசத் தொடங்குங்கள். சுயவிபரக் கோவை ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நேர்முகத்துக்கு முன் ஒருவரை முதலாளியாக இருத்தி இரண்டு தடவை பேசப் பழக்குங்கள். நம் பிள்ளைகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு சொல்லில் பதில் சொல்வதால்தான் பல இடங்களைத் தவறவிடுகிறார்கள். பேச்சுச் சிங்களம் கொஞ்சம் தெரிந்தால் வவுனியாவுக்கு அப்பாலும் கதவு திறக்கும்.

வேலை கிடைத்ததும் நியமனக் கடிதம் கேட்கச் சொல்லுங்கள். ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடம் 8 சதவீதம் கழிப்பார்கள், முதலாளி 12 சதவீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 சதவீதம். 40,000 ரூபா சம்பளத்தில் 3,200 கழியும்போது பிள்ளை பதறும். அதற்குமேல் முதலாளி 4,800உம் 1,200உம் அந்தப் பிள்ளையின் பெயரில் போட வேண்டும் என்று தெரிந்தால் பதற மாட்டாது. போடாவிட்டால் தொழில் திணைக்களத்தில் கேட்கலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

வெளிநாடு போக நிற்பவர்களிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அந்த முகவரின் அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபார்த்தாயா? பணியகத்தின் இலக்கம் 1989. அதற்கு முன் கடவுச்சீட்டையும் காசையும் கொடுக்க வேண்டாம்.

ஏழாவது: சொந்தத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு

எல்லோரும் தொழில் முயற்சியாளராக முடியாது, ஆக வேண்டியதும் இல்லை. பத்தில் இரண்டு மூன்று பேருக்கே அந்த மனம் இருக்கும். அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? ஏற்கனவே எதையாவது வாங்கி விற்றவர், கடன் கொடுத்ததை முகம் கோணாமல் திருப்பிக் கேட்கத் தெரிந்தவர், கணக்கு எழுதச் சொன்னால் மூன்று கிழமை விடாமல் எழுதியவர். மூன்றாவதுதான் என்னுடைய சோதனை. கொப்பியைக் கொடுத்து, வீட்டு வரவு செலவை இருபத்தொரு நாள் எழுதி வரச் சொல்லுங்கள்.

கணக்கை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். விலைகள் உதாரணத்துக்கு மட்டும், உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திரும்பச் செய்யுங்கள். ஒரு தங்கச்சி வறுத்த கச்சான் பைக்கற் போடுகிறாள். கோதுடன் 100 கிலோ, கிலோ 400 ரூபாப்படி 40,000. உடைத்து, புடைத்து, வறுத்து, கெட்டதை நீக்கினால் கையில் மிஞ்சுவது சுமார் 60 கிலோ என்று வைப்போம். 50 கிராமாக 1,200 பைக்கற். உறையும் லேபிளும் 6,000, உடைக்கக் கூலி 4,000, விறகும் உப்பும் 2,000, கடைகளுக்குக் கொண்டுபோகச் செலவு 3,000. மொத்தம் 55,000. கடைக்காரர் பைக்கற் 60 ரூபாவுக்கு எடுத்தால் 72,000. "அண்ணா, 17,000 லாபம்!" என்பாள். பொறுங்கள். ஆறு நாள் அவள் வேலை செய்திருக்கிறாள். நாளுக்கு 2,000 போட்டால் 12,000 அவளுடைய கூலி. மிச்சம் 5,000. நூற்றுக்கு ஐந்து பைக்கற் விற்காமல் திரும்பி வந்தால் 3,600 போய்விடும். உண்மையான லாபம் 1,400.

இதைச் சொல்லி அவளைப் பயமுறுத்தாதீர்கள். எந்த இடத்தில் காசு ஒழுகுகிறது என்று காட்டுவதற்குத்தான் இது. கடையை 65 ரூபாவுக்குச் சம்மதிக்க வைத்தால் விற்ற 1,140 பைக்கற்றிலும் 5,700 கூடும். அறுவடை நேரம் தோட்டத்திலேயே வாங்கி நன்றாகக் காயவைத்து வைத்தால் வாங்கும் விலை இறங்கும். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடித்து முழுவதும் நஞ்சாகிவிடும், அதில் விளையாட வேண்டாம். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைக்கும் கோயில் திருவிழாவுக்கும் நேரே கொடுத்தால் இடையில் ஆள் இல்லை. முதல் தடவை 100 கிலோ வாங்கவே கூடாது. பத்துக் கிலோவில் செய்து, இரண்டு கடையில் வைத்து, ஒரு கிழமையில் எத்தனை போகிறது என்று பார்த்த பிறகுதான் அடுத்த அடி.

விற்பனை நடக்கிறது என்று தெரிந்த பிறகு பதிவு. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகம் ஊடாகப் பதியலாம். பிரதேச சபையின் வியாபார அனுமதி வேண்டும். உணவுப் பொருள் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பிடிக்க வர முதல் நீங்களே அவரை அழைத்து வந்து இடத்தைக் காட்டுங்கள், என்ன மாற்ற வேண்டும் என்று அவரே சொல்லித் தருவார். லேபிளில் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிறை, செய்த திகதி, முடியும் திகதி, தொகுதி இலக்கம், விலை, செய்தவர் முகவரி இருக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் சிறுதொழில் முயற்சி அபிவிருத்திப் பிரிவு உத்தியோகத்தரும், சிறுதொழில்களுக்குத் தொழில்நுட்ப உதவி தரும் விதாதா வள நிலையமும் இருந்தால் இந்த வேலைகளுக்குக் கைகொடுப்பார்கள். பனம் பொருட்களுக்குப் பனை அபிவிருத்திச் சபை.

கடைசியாகக் கடன். ஒழுங்கு இதுதான்: முதலில் சொந்தச் சேமிப்பு, பிறகு முன்பணம் தரும் வாடிக்கையாளர், பிறகு சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் அல்லது சமுர்த்தி வங்கி, பிறகு அரச வங்கி. வாசலுக்கு வந்து அன்றைக்கே காசு தரும் நுண்கடன் கொம்பனியிடம் போகாதிருக்க முடிந்ததெல்லாம் செய்யுங்கள். கிழமைக் கட்டுக்குப் பயந்து வன்னிப் பெண்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். 2018இல் அரசாங்கம் நுண்கடன் வட்டிக்கு 35 சதவீதம் என்று உச்ச எல்லை போட்டு, வறட்சியால் பாதித்த மாவட்டங்களின் பெண்களுடைய ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் கொடுக்க வேண்டிய நிலைக்கு அது போயிருந்தது. போகத்துக்கு ஒரு முறை காசு வரும் தொழிலுக்குக் கிழமைக்கு ஒரு முறை கட்டும் கடன் ஒருபோதும் பொருந்தாது.

எட்டாவது: ஒரு வருடம்

முதல் மாதம் கிழமைக்கு ஒரு தடவை தொலைபேசியில் பேசுங்கள். வேலையை விட்டு ஓடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் ஆறு கிழமைக்குள்தான் ஓடுகிறார்கள். காரணம் தங்குமிடம், சாப்பாடு, மேற்பார்வையாளரின் ஒரு கடும் சொல் என்று சின்னதாக இருக்கும். முதலாளியோடு நீங்கள் ஒரு தடவை பேசினால் தீர்ந்துவிடும். பெண்பிள்ளை தனக்குப் பாதுகாப்பில்லை என்று சொன்னால் மட்டும் சமாதானம் பேசாதீர்கள், அன்றைக்கே கூட்டி வாருங்கள்.

மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களில் நேரில் போங்கள். சொந்தத் தொழில் செய்பவரிடம் கணக்குக் கொப்பியைத் திறக்கச் சொல்லுங்கள். கொப்பி இல்லை என்றால் அன்றைக்கு இருந்து இருவருமாக எழுதுங்கள். நட்டத்தில் இருந்தால் மூடுவதற்கும் துணை நில்லுங்கள். பொருட்களை விற்று, கடனைக் கட்டி, சம்பள வேலைக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று தாய் தகப்பன் முன்னிலையில் நீங்கள் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டாம் மாதம் போகும்போது, உங்கள் கொப்பியில் அடுத்த பத்துப் பேரின் பெயர்கள் இருக்கட்டும். தண்ணி மோட்டர் திருத்தும் தம்பியின் கொட்டிலில் வேலை இரண்டு பேருக்குக் காணும் அளவுக்கு வந்திருந்தால், அந்தப் பட்டியலில் ஒருவனை அவனிடம் பழக விட முடியுமா என்று கேளுங்கள்.